க்ரூஸ் டூர் முடிஞ்சு வந்த பிறகு காய்ச்சல், தலைசுற்றலா? டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்!

சொகுசு கப்பலில் நாலஞ்சு நாள் சுற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தாச்சு. போட்டோவெல்லாம் ஸ்டேட்டஸில் போட்டாச்சு. சூட்கேஸில் இருக்கும் துணியைத் துவைத்து முடிப்பதற்குள் பையனுக்கு வாந்தி ஆரம்பிக்கிறது. அப்பாவுக்கு ஒரு வாரம் கழித்து இருமலோடு காய்ச்சல். அம்மாவுக்கு காய்ச்சல், சளி எதுவுமே இல்லை. ஆனால் சமையலறையில் நிற்கும்போதெல்லாம் தரை ஆடுகிறது.

இப்படி நேரும்போது பெரும்பாலும் என்ன செய்கிறோம்? தெரு முனையில் இருக்கும் கிளினிக்குக்குப் போய், "மூணு நாளா காய்ச்சல் டாக்டர்" என்று சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறோம். கப்பலில் போய் வந்ததைச் சொல்வதில்லை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறோம். சம்பந்தம் இருக்கிறது. சில நோய்களில் அந்த ஒரு தகவல்தான் எந்த டெஸ்ட் எடுப்பது, எந்த மருந்து கொடுப்பது என்பதையே மாற்றும்.

நம்ம ஊருக்கும் இது இப்போது தூரத்து விஷயம் இல்லை. 2022 ஜூனில் சென்னை துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் சொகுசு கப்பல் பயணத்தை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு கப்பல் போனது. சிங்கப்பூர் டூர் பேக்கேஜ்களில் ரெண்டு, மூணு நாள் க்ரூஸ் சேர்த்துக் கொடுப்பது சகஜமாகிவிட்டது. அறுபதாம் கல்யாணம், ரிட்டயர்மென்ட் பரிசு என்று பெற்றோரை அனுப்பி வைக்கும் பிள்ளைகளும் அதிகம். அதனால் கப்பலில் என்ன சாப்பாடு, எத்தனை மாடி என்பதோடு, திரும்பி வந்த பிறகு உடம்பு படுத்தினால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கப்பலில் தொற்றியது வீட்டில் தெரிவது ஏன்?

கிருமி உடம்புக்குள் நுழைந்த நாளும், அறிகுறி தெரியும் நாளும் ஒன்றல்ல. நடுவில் இருக்கும் இடைவெளி ஒவ்வொரு நோய்க்கும் வேறு. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். டெங்குவுக்கு பொதுவாக 4 முதல் 10 நாள். லீஜியோனேர்ஸ் எனப்படும் ஒருவகை நிமோனியாவுக்கு 2 முதல் 14 நாள். நாலு நாள் க்ரூஸ் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி நாள் தொற்றிய எதுவும் கப்பலில் இருக்கும்போது வெளியே தெரியப்போவதில்லை. கப்பல் டாக்டர் கண்ணிலும் படாது. அது வெளிப்படும் இடம் நம்ம வீடுதான்.

கப்பல் என்றாலே நோய்க் கூடாரம் என்று பயப்படவும் வேண்டாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்வதன்படி, அங்கே பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு வெறும் 1 சதவிகிதம். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ஹோட்டல், பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் நடப்பவை. பிறகு ஏன் கப்பல் மட்டும் செய்தியில் அடிபடுகிறது? அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களில் பயணிகள் அல்லது பணியாளர்களில் 3 சதவிகிதமோ அதற்கு மேலோ வயிற்றுக் கோளாறு என்று கப்பல் டாக்டரிடம் போனால், அதை சிடிசி பொதுவில் வெளியிடுகிறது. நம்ம ஊர் கல்யாண மண்டபத்துக்கு அப்படி ஒரு கணக்கெடுப்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

1994: 'எங்கே போயிருந்தீங்க' என்ற கேள்வி கண்டுபிடித்த நோய்

ஒரு பழைய சம்பவம். 1994 கோடையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சிலர் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் வயதானவர்களுக்கு வரும் சாதாரண நிமோனியா மாதிரிதான் இருந்தது. ஆனால் இவர்கள் எல்லோருமே அண்மையில் பெர்முடா தீவுக்குப் போய் வந்தவர்கள், அதுவும் 'ஹொரைசன்' என்ற ஒரே கப்பலில் போனவர்கள் என்பது தெரிந்ததும் சுகாதாரத் துறை விழித்துக்கொண்டது.

விசாரித்தபோது ஒரு பயணம் மட்டும் இல்லை, ஏப்ரல் கடைசி முதல் ஜூலை வரை அந்தக் கப்பல் போன 9 பயணங்களில் 50 பேருக்கு லீஜியோனேர்ஸ் நோய் வந்திருப்பது தெரிந்தது. ஒருவர் இறந்தும் போனார். காரணம், கப்பலின் மேல்தளத்தில் இருந்த நீர்ச்சுழல் குளியல் தொட்டி. ஜக்குஸி என்று சொல்கிறோமே, அதுதான். அதன் மணல் ஃபில்டருக்குள் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா குடியிருந்தது. தொட்டிக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்களோ அந்த அளவுக்கு ஆபத்து கூடியது. தண்ணீரில் இறங்காமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. ஏன் என்றால் இந்தக் கிருமி தண்ணீரைக் குடித்து வருவதில்லை. தொட்டியிலிருந்து பறக்கும் மெல்லிய நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதால் நுரையீரலுக்குப் போகிறது.

அது 30 வருஷத்துக்கு முந்தைய கதைதானே என்று கேட்கலாம். 2022 நவம்பர் முதல் 2024 ஜூன் வரை இரண்டு கப்பல்களில் பயணம் செய்த 12 பேருக்கு இதே நோய் வந்ததாக சிடிசி 2024 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. இந்த முறை சிக்கியது, சில அறைகளின் பால்கனியில் தனியாக வைத்திருந்த வெந்நீர்த் தொட்டி. அதிகம் பணம் கட்டி எடுக்கும் அறைகளில்தான் அந்த வசதி இருக்கும் என்பது தனி வேடிக்கை.

இந்த நோயில் கப்பல் விவரம் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம்? முதல் காரணம், மருந்து. நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற வேறு வகை தேவை. இரண்டாவது காரணம், டெஸ்ட். சாதாரண சளி கல்ச்சரில் இது பிடிபடாமல் போகலாம். இதற்கென்று சிறுநீரில் ஒரு டெஸ்ட் இருக்கிறது. டாக்டருக்கு சந்தேகம் வந்தால்தான் அதை எழுதுவார். சந்தேகம் வருவதற்கு நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், சர்க்கரை நோய் அல்லது நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் கப்பலிலிருந்து திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல் என்று வந்தால் இரண்டு நாள் பார்ப்போம் என்று தள்ளிப் போடக்கூடாது.

நல்ல விஷயம் ஒன்று: இது பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. அதனால் வீட்டில் மற்றவர்கள் பயப்படத் தேவையில்லை.

என்ன சொல்ல வேண்டும்? கப்பலின் பெயர், ஏறிய தேதி, இறங்கிய தேதி, எந்தெந்த ஊரில் இறங்கிச் சுற்றினீர்கள், ஜக்குஸி பயன்படுத்தினீர்களா, கூட வந்தவர்களில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா. அவ்வளவுதான். டிக்கெட்டை போனில் காட்டினால்கூடப் போதும். கப்பலிலேயே டாக்டரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு: வீட்டுக்குள் பரவாமல் தடுப்பது எப்படி?

நோரோ வைரஸ் ஆளை அடித்துப் போட்ட மாதிரி ஆக்கும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு 1 முதல் 3 நாளில் சரியாகிவிடும். இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் போட்டு எந்தப் பயனும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் 'லூஸ் மோஷன் நிக்க ஏதாவது குடுங்க' என்று கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. வேண்டாம். உடம்பு இழந்த தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் முக்கியமான சிகிச்சை.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் எத்தனை தண்ணீரில் கலக்க வேண்டும் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துக் கலக்குங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். கையில் பாக்கெட் இல்லை என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் டெட்ரா பாக்கில் விற்கும் இனிப்பு பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் தங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைகள் நல மருத்துவர் பல வருஷம் போராடியதன் பலன் அது.

பரவுவதைத் தடுப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் இந்த வைரஸிடம் சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. வாந்தி எடுத்த இடத்தை ஃபினாயில் ஊற்றித் துடைத்து, வாசனை வந்ததும் சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். குளோரின் உள்ள ப்ளீச் கரைசல் தேவை. துடைக்கும்போது கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணியை வெந்நீரில் துவையுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். வீட்டில் சமைப்பவருக்கே வாந்தி வந்தால், அது நின்று குறைந்தது இரண்டு நாள் ஆகும் வரை அவர் சமைக்கக் கூடாது. 'இப்ப பரவாயில்ல' என்று மறுநாளே எழுந்து அடுப்படிக்குப் போவது நம்ம வீடுகளில் அம்மாக்களின் வழக்கம். அந்த இரண்டு நாள் வேறு யாராவது சமையுங்கள், இல்லை என்றால் மெஸ்ஸில் வாங்குங்கள். அறிகுறி போன பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வைரஸ் வெளியேறலாம் என்பதால், கை கழுவுவதில் மட்டும் அதுவரை கண்டிப்பு வேண்டும்.

வயிறு சரியான பிறகும் சிலருக்குக் கொஞ்ச நாள் பால், காபி ஒத்துக்கொள்ளாது. குடலின் உள்பக்கம் புண்பட்டிருப்பதால் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் வயிறு உப்பும். மோர் சாதம், இட்லி என்று ஓட்டினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனம். வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சில மாத்திரைகள், குறிப்பாக சிறுநீரை அதிகம் போக வைப்பவை, சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். எதைத் தொடர வேண்டும், எதை இரண்டு நாள் நிறுத்த வேண்டும் என்று உங்கள் டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பிடிவாதமாகப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடவில்லையே என்று முழுசாக நிறுத்திவிடுவது ஆபத்து.

ரூபி பிரின்சஸ்: இறங்கிப் போன பிறகு நடந்த கொடுமை

வீடு திரும்பிய பிறகு வரும் நோய் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 8-ல் சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்குக் கிளம்பிய 'ரூபி பிரின்சஸ்' கப்பல், மார்ச் 19 அதிகாலை சிட்னிக்குத் திரும்பியது. கப்பலில் சிலருக்கு காய்ச்சல், சளி இருந்தது. மாதிரிகளும் எடுக்கப்பட்டன. ஆனால் ரிசல்ட் வருவதற்கு முன்பே, ஆபத்து குறைவு என்று முடிவு செய்து, சுமார் 2,650 பயணிகளை இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் தனிமையில் இருங்கள் என்ற அறிவுரை மட்டும் இருந்தது.

அவர்கள் டாக்சி பிடித்தார்கள், ரயில் ஏறினார்கள், விமானத்தில் மற்ற மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் போனார்கள். மறுநாள் ரிசல்ட் வந்தது. கொரோனா! ஆஸ்திரேலியப் பயணிகளில் மட்டும் 663 பேருக்குத் தொற்று உறுதியானது. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். பிரெட் வாக்கர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2020 ஆகஸ்டில் தந்த அறிக்கை, நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் துறையின் தவறுகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது.

கதை அதோடு முடியவில்லை. தன் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய் மீண்ட ஒரு பெண் பயணி, மற்றவர்கள் சார்பாகவும் வழக்கு போட்டார். 2023 அக்டோபரில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம், கப்பல் நிறுவனமான கார்னிவல் அலட்சியமாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. வழக்கில் அவர் ஜெயித்தார். ஆனால் அவர் கேட்டது 3 லட்சம் டாலருக்கும் மேல். கிடைத்தது மருத்துவச் செலவுக்கான சுமார் 4,400 ஆஸ்திரேலிய டாலரும் வட்டியும்தான். உடம்பு பழைய மாதிரி இல்லை என்று நமக்குத் தெரியும். அதை இன்னொருவரிடம் நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு சாட்சி. என்றைக்கு அறிகுறி ஆரம்பித்தது, எந்த டாக்டரைப் பார்த்தோம், என்ன செலவானது என்று தேதி போட்டு எழுதி வைப்பதும், பில்களைப் போட்டோ எடுத்து வைப்பதும் வெட்டி வேலை இல்லை. டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், ஊர் திரும்பிய பிறகு ஏற்படும் செலவுக்கும் அது பொருந்துமா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதைப் பாலிசியில் உடனே பாருங்கள்.

இப்போது கொரோனா அப்போது இருந்த அளவு பயங்கரம் இல்லை. ஆனாலும் கப்பலிலிருந்து சளி, காய்ச்சலோடு திரும்பினால் ஒரு வாரத்துக்கு வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியிடமிருந்தும் கைக்குழந்தையிடமிருந்தும் கொஞ்சம் தள்ளியே இருங்கள். வாங்கி வந்த சாக்லேட்டை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

இறங்கி ஒரு வாரம் ஆச்சு, இன்னும் தரை ஆடுதா?

கப்பலிலிருந்து இறங்கியதும் ஒன்றிரண்டு நாள் தரை ஆடுவது போலத் தோன்றுவது ரொம்ப சகஜம். குளிக்கும்போது கண்ணை மூடினால் ஊஞ்சலில் இருப்பது போல இருக்கும். கடலில் வேலை செய்பவர்களுக்கு இது பழகின சங்கதி. ஆடும் கப்பலில் விழாமல் நிற்க மூளை ஒரு கணக்கு போட்டுப் பழகியிருக்கும். ஆடாத தரைக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கையே கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளில் தானாகச் சரியாகும்.

சிலருக்கு மட்டும் அது போவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட நீடிக்கிறது. இதற்கு 'மால் டி டிபார்க்மென்ட் சிண்ட்ரோம்' என்று பிரெஞ்சில் பெயர். கப்பலில் இருந்து இறங்குவதால் வரும் சீக்கு என்று அர்த்தம். அபூர்வமானது. அதிகம் பாதிக்கப்படுவது நடுத்தர வயதுப் பெண்கள்.

இதன் அடையாளமே வினோதமானது. தலை சுற்றுவது போல இருக்காது, தொட்டில் ஆடுவது போல, படகில் நிற்பது போல ஆட்டம் இருக்கும். சும்மா நின்றாலோ, படுத்தாலோ ஆட்டம் தெரியும். ஆனால் காரிலோ பஸ்ஸிலோ ஏறி வண்டி நகர ஆரம்பித்ததும் நிம்மதியாக இருக்கும்! வண்டியை விட்டு இறங்கினால் மறுபடி ஆட்டம். வழக்கமான தலைசுற்றல்காரர்களுக்கு வண்டியில் போனால் அதிகமாகும், இவர்களுக்கு நேர் எதிர். டாக்டரிடம் போகும்போது இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஏன் என்றால் எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல் என்றுதான் வரும்.

அங்கேதான் இந்த நோயாளிகளின் கஷ்டமே ஆரம்பிக்கிறது. ரிப்போர்ட் நார்மல், காய்ச்சல் இல்லை, பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறார். 'எல்லாம் மனசுதான்', 'டூர் போய்ட்டு வந்து வேலை செய்ய பிடிக்கல' என்று வீட்டில் பேச்சு வரும். அவர் நடிக்கவில்லை. உள்காதும் மூளையும் சேர்ந்து செய்யும் சமநிலைக் கணக்கில் வந்திருக்கும் கோளாறு அது. இந்த ஆட்டத்தோடு களைப்பும், கவனம் சிதறுவதும், சூப்பர் மார்க்கெட் மாதிரி பளிச்சென்று விளக்கும் கூட்டமும் உள்ள இடங்களில் தாங்க முடியாத அசௌகரியமும் வரலாம்.

மருந்து? கப்பலில் வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. தலைசுற்றல் என்றதும் ஸ்டெமெட்டில் வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்கள் உண்டு. அந்த வகை மருந்தை ரொம்ப நாள் தொடர்ந்தால் மூளை தன்னைத்தானே சரிசெய்துகொள்வதே தாமதமாகலாம். காது, மூக்கு, தொண்டை நிபுணரையோ நரம்பியல் நிபுணரையோ பார்ப்பது நல்லது. சமநிலைக்கான பிசியோதெரபி பயிற்சிகள் சிலருக்கு உதவுகின்றன.

நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் மிங்ஜியா டாய், பெர்னார்ட் கோஹன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். நோயாளியைச் சுற்றிக் கோடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி, அவருக்குத் தோன்றும் ஆட்டத்தின் வேகத்திலேயே தலையை இடது, வலது தோள் பக்கம் சாய்ப்பார்கள். மூளையின் தப்புக் கணக்கைத் திருப்பி எழுதும் முயற்சி. 24 பேரில் 17 பேருக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் சிகிச்சை முடிந்து நீண்ட தூரம் பயணம் செய்து வீட்டுக்குப் போனதில் சிலருக்கு ஆட்டம் திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்புவதுதான் இந்த நோயில் எப்போதுமே சிக்கல் போல!

படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடி உலகமே சுழன்றால் அது இது இல்லை. உள்காதில் இருக்கும் சிறு கற்கள் இடம் மாறுவதால் வருவது, தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பும் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் திடீர் தள்ளாட்டத்தோடு பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் மரத்தாலோ கப்பல், கடல் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-க்கு போன் செய்யுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

கால் வீக்கம், கொசுக்கடி காய்ச்சல்

கப்பலைவிட, கப்பலைப் பிடிக்கப் போன விமானப் பயணம் கொண்டுவரும் பிரச்னை ஒன்று உண்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. மொத்தத்தில் அபூர்வம்தான், ஆனால் ஊர் வந்து சில வாரம் வரைகூட வெளிப்படலாம். இரண்டு காலும் லேசாக வீங்கினால் அது பயணக் களைப்பாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசர சிகிச்சை.

சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை என்று இறங்கிச் சுற்றியவர்களுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் டெங்குவும் பட்டியலில் உண்டு. நம்ம ஊரிலேயே டெங்கு இருப்பதால் டாக்டர்கள் இதைச் சட்டென்று யோசிப்பார்கள். அதுவரை பாராசிட்டமால் தவிர புரூஃபென், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளை நீங்களாகப் போட வேண்டாம்.

காய்ச்சல் விட்டும் அசதி விடவில்லையா?

நிமோனியாவோ கடுமையான வைரஸ் காய்ச்சலோ வந்து போன பிறகு பழைய தெம்பு திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். 1999-ல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில், அங்கேயும் நீர்ச்சுழல் தொட்டியால்தான், லீஜியோனேர்ஸ் நோய் பரவியது. அதில் பிழைத்தவர்களை சுமார் ஒன்றரை வருஷம் கழித்து விசாரித்தபோது நான்கில் மூன்று பேர் இன்னும் அசதியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆக, ஒரு மாதம் ஆகியும் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்றால் நீங்கள் சோம்பேறி ஆகிவிடவில்லை.

லீவு முடிந்துவிட்டதே என்று முதல் நாளே முழு வேலையில் இறங்கினால் மறுநாள் படுக்கைதான். முடிந்தால் சில நாள் அரை நாளோ, வீட்டிலிருந்தோ வேலை பார்க்கக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் பேச்சு சுலபமாகும். நடைப்பயிற்சியைப் பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். இன்றைக்கு நடந்ததற்கு நாளைக்கு உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்து அப்புறம் கூட்டுங்கள். காய்ச்சல் திரும்பினாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ மறுபடி டாக்டரைப் பாருங்கள். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று குழப்பமாக இருந்தால் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

கப்பலில் வேலை பார்த்துத் திரும்புபவர்கள் கவனத்துக்கு

கேட்டரிங், ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு க்ரூஸ் கப்பல்களில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறைய. 2020-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் சிக்கிய 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள். பயணிக்கு நாலு நாள் என்றால் இவர்களுக்கு மாதக்கணக்கு. ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்த பிறகு உடம்பு படுத்தினால், அடுத்த கப்பல் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் வெளியே சொல்வதில்லை.

சட்டம் இவர்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி, பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஊர் திரும்பும் வரையிலான காலத்தில் வந்த நோய்க்கு மருத்துவச் செலவு கப்பல் உரிமையாளரின் பொறுப்பு. வேலையால் வந்த நோய் ஊர் திரும்பிய பிறகு வெளிப்பட்டாலும் இது பொருந்தும். அந்தப் பொறுப்புக்கு நாடுகள் கால வரம்பு வைக்கலாம். ஆனால் அது நோய் தொடங்கியதிலிருந்து 16 வாரத்துக்குக் குறையக் கூடாது.

இதில் நேரம் முக்கியம். ஊர் வந்து உடம்பு சரியில்லை என்றால் ஏஜென்டுக்கு போனில் சொல்வதோடு விடாமல், அன்றைக்கே நிறுவனத்துக்கும் ஏஜென்டுக்கும் ஈமெயில் அனுப்புங்கள். கப்பல் டாக்டரிடம் காட்டிய சீட்டு, சைன் ஆஃப் ஆன தேதி, உள்ளூர் டாக்டரின் முதல் ரிப்போர்ட் மூன்றையும் அதோடு இணைத்து, அனுப்பியதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.